ஆணி அடித்த புளி

மரம் அறுக்கும் மில்லைப் பெரிதாக்கக் கடன் தருவதாகச் சொன்ன வங்கி கடைசியில் கையை விரித்ததால், சொரிமுத்து கொம்பையாவிடம் வட்டிக்கு வாங்கித்தான் புது ரம்பம் போட்டான். வட்டி கட்டாததால் இன்று அதைக் கழற்ற ஆளோடு வந்த கொம்பையா, வந்ததுமே சொரிமுத்துவை அறைந்தான்.

“கூப்பிடுல உன் பேங்க் மானேசரை! ஓட்டிக் காட்டு, ஓடாத இரும்பை எவன் வாங்குவான்?”

“எதை அறுக்க, அண்ணாச்சி?”

கொம்பையா கை காட்டியது மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த புளியந்தடியை. பேய் ஓட்டுகிறவர்கள் காலங்காலமாக ஆணி அடித்த மரம் அது. ஆணியில் பட்டால் ரம்பம் அறுந்து சாட்டையாகப் பறக்கும் என்று எந்த மில்காரனும் அதைத் தொடமாட்டான்.

சொரிமுத்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு சுவிட்சைப் போட்டான்.

“கிட்ட வந்து பாருங்க, அண்ணாச்சி” என்று தடியைத் தள்ளினான். அவனும் விலகி நிற்கவில்லை.