அடி வாங்காத தம்பிகள்

"எங்களை நீங்க அடிக்கணும் அண்ணே," என்றான் டெமாரியோ.

ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரோஸ்கோ நிமிர்ந்தான். பயிற்சி முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பேண்டு ஹாலில் மிச்சம் இருந்தது அவனும், போன மாதம் சங்கத்தில் சேர்ந்த அந்த ஐந்து பேரும்தான்.

"என்னடா சொல்றே?"

"பலகையால. மத்த காலேஜ்ல எப்படிச் செய்யறாங்களோ, அப்படி. முறையா."

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று மற்ற நான்கு பேரையும் பார்த்தான் ரோஸ்கோ. ஒருத்தன் முகத்திலும் சிரிப்பில்லை.

அலபாமாவில் அந்தச் சின்னக் கறுப்பினக் கல்லூரிக்கு பேண்டு உண்டு. பேண்டுக்காரர்களின் சகோதரர் சங்கத்துக்குத்தான் அங்கே கிளை இல்லாமல் இருந்தது. அதைக் கொண்டுவர ரோஸ்கோ இரண்டு வருடம் அலைந்தான். கிளை வந்தால் கூடவே பலகையும் வரும் என்று பேண்டு மாஸ்டர் கையெழுத்துப் போட மறுத்தார். புதிதாகச் சேரும் தம்பிகளை மூத்தவர்கள் பலகையால் பின்னியெடுப்பது பல இடங்களில் எழுதாத சட்டம். இங்கே ஒருத்தன் மேலும் கை படாது என்று ரோஸ்கோ வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

அடிக்குப் பதிலாக வேலை கொடுத்தான் ரோஸ்கோ. மொத்த பேண்டின் உடுப்பையும் துவைத்தார்கள். அறுந்த பட்டன்களைத் தைத்தார்கள். வெயிலில் வாசிப்பவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். ஐவரும் முகம் சுளிக்காமல் செய்தார்கள். சங்கத்தின் சட்டையை முதல்முதலாகப் போட்டுக்கொண்ட அன்று டெமாரியோ அழுதேவிட்டான்.

"சனிக்கிழமை மேட்ச்ல என்ன நடந்தது?" என்று கேட்டான் ரோஸ்கோ.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தோடு நடந்த கால்பந்தாட்டம் அது. காய்ச்சல் என்று சொல்லி அவன் போகவில்லை.

கிளாரினெட் வாசிக்கும் ஆல்டன் பதில் சொன்னான். "இடைவேளையில வாசிச்சு முடிச்சுட்டு அவங்க கிளைக்காரங்களுக்குக் கை கொடுக்கப் போனோம். ஒருத்தனும் கையை நீட்டலை. உங்களை யாருடா அடிச்சதுன்னு கேட்டாங்க. யாரும் இல்லேன்னோம். அப்ப நீங்க பேப்பர்ல மட்டும்தான் தம்பிங்கன்னாங்க. என் தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா அண்ணே."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"நீங்க அங்க இல்லை, பேசுவீங்க," என்றான் டெமாரியோ. "அவங்க பக்கம் முழுக்க பேப்பர், பேப்பர்னு கத்துச்சு. எனக்கு ட்ரம்மைத் தொடவே கை கூசிப்போச்சு."

ரோஸ்கோ எடுத்துச் சொன்னான். கெஞ்சிப் பார்த்தான். மாஸ்டருக்குத் தெரிந்தால் அன்றைக்கே கிளையை இழுத்து மூடிவிடுவார் என்றான். எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

"உங்களால முடியலேன்னா பரவாயில்லை," என்றான் டெமாரியோ. "வெள்ளிக்கிழமை வாங்க, நாங்களே செஞ்சு விடறோம்னு அவங்க கூப்பிட்டிருக்காங்க. வர்றோம்னு சொல்லிட்டோம்."

ரோஸ்கோ அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அங்க மட்டும் போகாதீங்கடா."

"நீங்க ஒரு அடி வாங்கியிருந்தா இப்படி நடுங்க மாட்டீங்க. நீங்களும் பேப்பர்தானே."

ஆல்டனுக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. சமாதானம் செய்வதுபோலச் சொன்னான். "அங்க ஒருத்தர் இருந்தாராம் அண்ணே. சொந்தப் பேரு யாருக்கும் ஞாபகமில்லை. கல்லுன்னுதான் சொல்றாங்க. முதல் வருஷம் படிச்சவரு. பலகை உடையற வரைக்கும் அடிச்சும் வாயைத் திறக்கலையாம். முனகல்கூட இல்லையாம். இன்னிக்கும் அவரைப் பாட்டாப் பாடறாங்க. எங்களுக்கும் அந்த மாதிரி ஒரு மரியாதை வேணும், அவ்வளவுதான்."

ரோஸ்கோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இவர்களைத் தடுக்க அவனிடம் பாக்கியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவைத் தவிர யாரிடமும் அதை அவன் சொன்னதில்லை.

எழுந்து சட்டையை உயர்த்தி, திரும்பி நின்றான். விலாவுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

"அந்தப் பையன் கத்தலை. ஏன்னா நாலாவது அடியிலேயே மயக்கம் போட்டுட்டான்," என்றான். "மேஜை மேல கவுத்துப் போட்டிருந்ததால யாருக்கும் அது தெரியலை. அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டு ஓடிட்டாங்க. ஒரு கிட்னி போச்சு. ஒருத்தன்கூட வந்து எட்டிப் பார்க்கலை. அந்தக் கல்லு நான்தாண்டா. அப்புறம்தான் அங்கேயிருந்து இந்தக் காலேஜுக்கு மாறி வந்தேன். அண்ணன் தம்பிங்கிற ஆசை மட்டும் என்னை விடலை. அடியில்லாம ஒரு கிளை இருக்க முடியும்னு காட்டத்தான் இதை ஆரம்பிச்சேன்."

ஆல்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரோஸ்கோ சட்டையை இறக்கிவிட்டான். சொல்லிவிட்டது நல்லதுதான் என்று பட்டது. இனிமேல் புரிந்துகொள்வார்கள்.

டெமாரியோ மெல்லக் கிட்டே வந்தான்.

"நீங்கதானா அது? அப்ப நாங்க எதுக்கு அங்க போகணும் அண்ணே?"

சொல்லிவிட்டு, சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ரோஸ்கோவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகப் போய் அவன் பக்கத்தில் குனிந்தார்கள்.