கோடு விழுமா?

கர்ர்... டொக். கர்ர்... டொக்.

இருட்டின பிறகு பக்கத்து வீட்டிலிருந்து அந்தச் சத்தம். மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த ஹரிஷ்கூடத் தலையைத் திருப்பினான்.

"இன்னா அத்தே அது?"

"வேற இன்னா? தசரதன் கதவுக்குப் பூட்டு மாட்றான். போன வாட்டி மாதிரியே புள்ளய உள்ள வெச்சிப் பூட்டப் போறான்" என்றாள் என் மாமியார் காந்தா.



தேவதர்ஷினி தசரதன் மாமாவின் மூத்த பிள்ளை. பையனாகப் பிறந்து, பெண்ணாக வாழ்கிற திருநங்கை. முதல் தடவை புடவை கட்டி வந்தபோது வலை வைக்கிற ரூமில் தள்ளி வெளியே கொக்கி போட்டார். இப்போது சென்னையில் மார்பு வைக்கிற ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் வந்திருக்கிறாள். படுக்க அதே வலை ரூம்தான்.

"கஞ்சி குடுத்துட்டு வரேன் அத்தே."

"கான்வென்ட்டுல இதத்தான் கத்துக் குடுத்தாங்களா? அவன் வூட்டு விவகாரம் அது."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். தசரதன் மாமா கதவையே கழற்றி முற்றத்தில் கிடத்தி, செல்போன் வெளிச்சத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். வாய் நிறைய திருகாணி. தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலுக்கு மறைப்பாய் ஒரு பழைய புடவை. உள்ளே தேவதர்ஷினி கைக்கண்ணாடியும் கையுமாய் இருந்தாள்.

"வா அண்ணி!"

"வலிக்குதா?"

"கொறஞ்சிடுச்சி. கையத் தூக்கத்தான் கூடாதாம்."

கஞ்சியை அவள் பக்கத்தில் வைத்தேன். கேட்கலாமா என்று தயங்கி, கேட்டேவிட்டேன். "கோடு விழுமா? புள்ள பெத்து எனக்கு வயித்துல விழுந்த மாதிரி?"

"ரொம்பப் பெருசா வெச்சா தோலு இழுபட்டு விழலாம்னு டாக்டர் சொன்னாரு. எனக்குச் சின்னதுதான். ஆனாலும் தெனம் கண்ணாடில தேடறேன்."

"பயமா?"

"ஆசை அண்ணி! உன்னுத காட்டேன்."

என் வீட்டுக்காரருக்கே விளக்கை அணைத்துவிட்டு மறைக்கிற வயிற்றை அவளுக்குக் காட்டினேன்.

"ஏரித் தண்ணி வத்துனா மணல்ல கோடு கோடா நிக்குமே, அதே மாதிரி இருக்குது. இதப் போயி மறைக்கிறியா?"

"தெனம் க்ரீம் தடவறேன்."

"போவுதா?"

"வாசனை வருது."

இரண்டு பேரும் சிரித்தோம். வெளியே சத்தம் நின்றது.

அவள் முகம் மாறியது. "நைனா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல அண்ணி. இந்த வாட்டியும் பூட்டுனாருன்னா, காலைல பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்த ஊருக்கே வர மாட்டேன்."

"கதவக் கொஞ்சம் புடிம்மா" என்று கூப்பிட்டார் மாமா.

குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போய்ப் பிடித்தேன். கீலில் மாட்டி நிறுத்தினோம்.

வெளிப்பக்கம் பார்த்தேன். பூட்டு இல்லை. பழைய கொக்கி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்.

புதுத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

நான் ஹரிஷைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பொம்பளப் புள்ள படுக்கற ரூமு" என்றார். பிறகு உள்ளே இருந்தவளுக்குக் கேட்கிற மாதிரி, "போட்டுப் பாரும்மா, சரியா வுழுதான்னு."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பிறகு உள்ளேயிருந்து, டொக்.