பழசும் ஓரமாக இருக்கட்டுமே

ஜன்னல் வெயில் கீபோர்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அக்கா புதிது வாங்கியபோது தங்கையிடம் தள்ளிவிட்ட லேப்டாப் இது. இன்னமும் தினம் காலையில் திறந்ததும் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் வரவேற்கும்; பிறகு அரைமணி நேரம் முக்கும். மொழிபெயர்ப்பாளரான தங்கையின் பிழைப்பு முழுக்க அதற்குள் இருக்கிறது. இன்று அதில் விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் லினக்ஸை ஏற்றுகிறாள். பாதி முடித்த நாவலை பென் டிரைவில் எடுத்து, திறந்து சரிபார்த்து, இடது கைக்குள் மூடி வைத்திருக்கிறாள். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் வைக்கலாம், அல்லது விண்டோஸை அடியோடு அழிக்கலாம் என்று திரை இரண்டு வழி காட்டுகிறது. “பழசும் ஒரு ஓரமா இருக்கட்டுமேடி. அடுத்த வாரம் நாவலைக் கொடுக்கணும்கிறே, புதுசு மக்கர் பண்ணினா எங்க போவே?” தோளுக்குப் பின்னால் அக்கா டீயை ஊதுகிறாள். “பழசு இருந்தா, முதல் மக்கருக்கே அங்க ஓடிடுவேன்க்கா. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?” ‘அழி’ என்பதை அழுத்துகிறாள். லேப்டாப்புக்குள் விசிறி உறுமி அடங்குகிறது. திரையின் அடியில் நீலக் கோடு மெல்ல நீள, ஒரு கட்டம் திறந்து லேப்டாப்புக்கு உரியவரின் பெயர் கேட்கிறது. அக்கா ஊதுவதை நிறுத்துகிறாள். தங்கை இடது கையைத் திறந்து பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் பெயரை அடிக்கிறாள்.