தொண்ணூற்றொன்று

கிண் கிண் கிண்.

அவளுடைய வலது கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பியது.

கோத்தகிரி ரோட்டில் முதல் ஏற்றம்தான். எஞ்ஜின் மாற்றிய பிறகு பழைய எஸ்டீம் கார் ஏறுகிற முதல் ஏற்றமும் அதுதான்.

பக்கத்து சீட்டில் அவள் கணவன் கரிவரதன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கும். கேட்காமல் எங்கே போகும்?

இந்த எஞ்ஜினும் கைவிட்டால் சாயங்காலமே வண்டி காயலான் கடைக்கு. அப்படித்தான் பேச்சு. அவளும் சரியென்று தலையாட்டியிருந்தாள்.

காலையில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனவளைக்கூட அவன் விடவில்லை. புது வண்டிக்கு வைப்பார்கள், இந்த ஓட்டை வண்டிக்கு எதற்கு என்று பழங்களைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டான்.

ஓரங்கட்டி நிறுத்தினாள்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னால் வெடிக்கிற சத்தம். இப்படியே ஏறினால் மலை முடிவதற்குள் பிஸ்டன் பொடியாகிவிடும்.

ஆனால் ஏன்?

எஞ்ஜினோடு வந்த அமெரிக்கத் தாளில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆக்டேன் எண் தொண்ணூற்றொன்றுக்குக் குறையாத பெட்ரோல். நம்மூர் சாதா பெட்ரோலே தொண்ணூற்றொன்றுதானே? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அரை டேங்க் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதே தாளில் சூடு ஃபாரன்ஹீட்டில் இருந்தது. மாற்றினாள். ஆயில் அளவு குவார்ட்டில் இருந்தது. லிட்டராக்கினாள். ராவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நம் கணக்குக்குக் கொண்டுவந்தாள்.

தொண்ணூற்றொன்றை மட்டும் மாற்றவில்லை.

அது இங்கேயும் இருந்ததால்.

அடி சக்கை!

ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அவர்கள் பெட்ரோலை அளக்கிற விதமே வேறு. அவர்களுடைய தொண்ணூற்றொன்று நம்முடைய தொண்ணூற்றைந்து. எஞ்ஜின் கெடவில்லை. வாய்க்குப் பிடிக்காததை ஊட்டிவிட்டு, துப்புகிறதே என்று பயந்திருக்கிறாள்.

வண்டியைத் திருப்பினாள். இறக்கத்தில் அது பூனை போலப் போயிற்று.

மேட்டுப்பாளையத்தில் நூறு ஆக்டேன் பெட்ரோல் போடுகிற பங்க் ஒன்று இருந்தது. ஏற்கெனவே அரை டேங்க் தொண்ணூற்றொன்று. மேலே அரை டேங்க் நூறு. கலந்தால் தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிடும்.

பங்க்கில் இருந்த பெண் எஸ்டீமை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இந்த வண்டிக்கா அக்கா, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் குழாயை எடுத்தாள்.

காயலான் கடைக்காரர் போன் செய்தபோது கரிவரதன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுபடி அதே ஏற்றம்.

அவன் ரேடியோவை அணைத்தான். கண்ணாடியை முழுக்க இறக்கினான்.

அவள் அழுத்தினாள்.

இன்னும் அழுத்தினாள்.

கிண்ணும் இல்லை, கிணுக்கும் இல்லை. எஞ்ஜின் அடிவயிற்றிலிருந்து ஒரே குரலில் பாடிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு போனது. அடுத்த வளைவு போனது. முன்னால் போன பஸ் பின்னால் போனது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"நிறுத்து."

ஒரே வார்த்தை. தனக்குக் கேட்காத ஏதோ சத்தம் இவனுக்குக் கேட்டுவிட்டதா?

வளைவில் ஒரு பிள்ளையார் கோயிலும் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையும் இருந்தன. அங்கே நிறுத்தினாள்.

அவன் போனைக் காதில் வைத்தபடி இறங்கிப் போனான். காயலான் கடைக்காரரிடம்தான் பேசுகிறான். வரவேண்டாம் என்கிறானா, வரச் சொல்கிறானா, எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

முன் டயர் பக்கம் குனிந்தான். பிறகு பின் டயர். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து இரண்டு டயருக்கும் குனிந்தான்.

எழுந்து, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் ஜன்னலருகே வந்தான்.

"மெதுவா எடு அம்மிணி. நாலும் ஒண்ணா நசுங்கோணும்."