செப்புக் குடத்து ஜரிகை

"பாலியெஸ்டரா!"

பத்மநாபன் போட்ட கூச்சலில் ஹவுரா பாலத்தில் நாலு ஆணியாவது கழன்றிருக்கும். கணினித் திரை மசியவில்லை: மேலே அலுமினியப் பூச்சு, உள்ளே பாலியெஸ்டர் இழை. தங்கம், வெள்ளி இரண்டும் பூஜ்யம்.

முப்பது வருஷம் அகழாய்வுக் குழிகளில் வெந்து, போன மாதம்தான் ஒரு செப்புக் குடத்திலிருந்து அந்தத் துணியை எடுத்திருந்தார். ஆயிரத்தைந்நூறு வருஷத்துத் தங்க ஜரிகை என்று பத்திரிகைக்காரர்களிடம் மார்தட்டியும் விட்டார். டெல்லி அதிகாரிகள் ஹவுராவில் வந்து இறங்கியாயிற்று. மூன்று மணிக்கு அறிவிப்பு.

ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி வேறு யாருமில்லை, அவர் மனைவி வசுமதிதான். அவள் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். முகம் கருங்கல்.

"ஏதாவது பேசேன் வசு! மிஷின் தப்பாக் காட்றதோ என்னமோ!"

"மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். மிஷின் நன்னாத்தான் இருக்கு."

பத்மநாபன் மடேரென்று நாற்காலியில் சரிந்தார். அந்த அதிர்வில், குழியிலிருந்து வந்த பெட்டி மேஜையிலிருந்து துள்ளி விழுந்தது. நல்லவேளை, அரக்கு முத்திரை உடையவில்லை. வசுமதி எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"போச்சு! கூட வேலை பார்க்கற சாட்டர்ஜி சிரிச்சே என்னைக் கொன்னுடுவார். எவனோ போலியைக் குடத்துல போட்டுப் பொதைச்சிருக்கான். நானும் பல்லை இளிச்சிண்டு நம்பிட்டேனே!"

"நம்பினவா மேல தப்பில்லேன்னா. ஏமாத்தினவாளைச் சொல்லணும்."

"சொல்றதாவது! கட்டி வெச்சு உதைக்கணும். ஹூக்ளி ஆத்துல முக்கி முக்கி எடுக்கணும்!"

"அப்படியா?"

"பின்னே? பச்சைத் துரோகம்டி!"

அவர் கண்ணிலிருந்து இன்னொரு கங்கை புறப்பட்டது. செல்போனில் டெல்லி அதிகாரியின் எண்ணைத் தேடினார். "எல்லாத்தையும் ஒத்துண்டு ராஜினாமா பண்ணிடறேன்."

வசுமதி போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம். உங்க துணி இருக்கற பெட்டியை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. மிஷினைச் சரிபார்க்க, அசல்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஜரிகை ஒண்ணைத்தான் எப்பவும் முதல்ல வெச்சுப் பார்ப்பேன்."

பத்மநாபனுக்குப் போன உயிர் அடுத்த ஸ்டேஷன் சாந்த்ராகாச்சி வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. "அம்மாடி! அப்போ இந்தப் போலி எங்கேர்ந்து வந்தது?"

"நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு, அசல் ஜரிகைன்னு சத்தியம் பண்ணி வாங்கிண்டு வந்தேளே, அந்தப் பட்டுப்புடவைலேர்ந்து!"