நாலு துளையும் ஒரு தண்ணி லாரியும்

மண் டிராக்கில் ஓடுகிற பந்தயக் கார் ஒன்றின் பின்பக்கத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஷாக் அப்சார்பரை மாட்டுகிற தகட்டில் மேலிருந்து கீழாக நாலு துளைகள் இருந்தன.

மறுநாள் பந்தயம். காலையில் ஓட்டிப் பார்த்தபோது வளைவில் கார் வழுக்கியது. டிரைவர் எட்வின் ஸ்பேனரோடு வந்து, முதல் துளையில் இருந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினான். மறுபடியும் வழுக்கியது. மூன்றாவதுக்கு மாற்றினான். அப்புறம் நாலாவதுக்கு.

"ஒரு இடத்துல உட்கார விடுறானா பாரு! மண்ணு மாவு மாதிரி காய்ஞ்சு கிடக்கு. அதைக் குனிஞ்சு பார்க்க மாட்டான். வந்து வந்து என் கழுத்தைத்தான் திருகுறான்," என்று பொருமியது ஷாக் அப்சார்பர்.

"சத்தம் போடாதே. போன மாசம் உன் இடத்துல இருந்தவன் இப்ப காயலாங்கடையில கிடக்கான்," என்றது ஸ்பிரிங்.

சாயங்காலம் எட்வின் வெறுத்துப்போய் அதைப் பழைய முதல் துளையிலேயே மாட்டினான். அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்து டிராக் முழுக்க நனைத்து, மண்ணை இறுக்கிவிட்டுப் போனது. கார் வளைவில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடியது.

"கண்டுபிடிச்சிட்டேன்! இதுதான் சரியான ஓட்டை!" என்று குதித்த எட்வின், மற்ற மூன்று துளைகளையும் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டான்.

"அப்பாடா! இனிமே என்னைத் தொட மாட்டான்," என்றது ஷாக் அப்சார்பர்.



"லாரிக்காரர் வீட்டுல நாளைக்கு விசேஷமாம்," என்றது ஸ்பிரிங். "வர மாட்டாராம்."