மத்தாப்புத் தழும்பு

“பிரீத்திக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்காம்மா?”

டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். சொர்ணலட்சுமிக்கு ஏ.சி. அறையிலும் வேர்த்துக் கொட்டியது.

பக்கத்தில் மகள் பிரீத்தி, ஏழு மாத வயிற்றோடு. அடுத்து, மகளின் மாமியார் லட்சுமிகாந்தம். சிவகாசி அச்சாபீஸ் முதலாளியின் மனைவி. பேச்சில் படு கறார்.

“அதெல்லாம் வந்ததில்ல டாக்டர்,” என்று லட்சுமிகாந்தமே முந்திக்கொண்டாள். “பொண்ணு பாக்கப் போனப்பவே கேட்டுட்டேன். ‘எம் மகளை அம்மை எட்டிக்கூடப் பாத்ததில்ல’ன்னு இந்தா, சம்பந்தி மதினிதான் அடிச்சுச் சொன்னாக. அதான் எனக்கு ஈரக்குலையே நடுங்குது.”

நடுங்கக் காரணம் இருந்தது. முந்தாநாள் அவளுடைய மகள் வயிற்றுப் பேரன் வந்தவன், பொழுதுக்கும் அத்தை பிரீத்தியின் மடியிலேயே கிடந்தான். மறுநாள் காலையில் பார்த்தால் உடம்பெல்லாம் கொப்புளம். பெற்ற மகளென்றும் பார்க்காமல், தாயையும் பிள்ளையையும் அப்போதே காரில் ஏற்றிச் சாத்தூருக்கு அனுப்பிவிட்டாள் லட்சுமிகாந்தம்.

“ஒரு தடவை வந்து போயிருந்தா பெரும்பாலும் பயமில்ல,” என்றார் டாக்டர். “உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கும். பொறக்கிற குழந்தைக்கும் அதுல பங்கு போகும். வந்ததே இல்லன்னாதான் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ரத்தம் எடுத்துப் பாப்போம். தேவைப்பட்டா மதுரையிலேருந்து ஊசி வரவழைக்கணும்.”

“இப்பவே ஆள் அனுப்புறேன் டாக்டர். எப்படியாவது ரெண்டு உசிரையும்...”

கறார் பேச்சு பாதியில் உடைந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொர்ணலட்சுமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“வந்திருக்கு டாக்டர்.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“மூணு வயசுல வந்துச்சு. உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும். வேப்பிலையில கிடத்தி, மூணு தண்ணி ஊத்துனேன்.”

“அப்ப இவ பிடரியில இருக்கிற தழும்பு?” லட்சுமிகாந்தத்தின் குரல் ஏறியது. “மத்தாப்புப் பொறி தெறிச்சதுன்னு சொன்னீக?”

“அம்மைத் தழும்புதான் மதினி. அம்மை வடு உள்ள பொண்ணுன்னா நல்ல சம்பந்தம் தட்டிப் போயிருமோன்னு...”

“அம்மா!” பிரீத்திக்கு அழுகையே வந்துவிட்டது. “அதை நம்பி நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு கம்பி மத்தாப்பைத் தொட்டதில்லையே! சிவகாசியில வாக்கப்பட்டு, தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்!”

டாக்டர் சிரிப்பை மறைக்க முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். “நல்ல சேதிதான். எதுக்கும் ரத்தத்தையும் பாத்து உறுதி பண்ணிக்கிடுவோம்.”

வராண்டாவுக்கு வந்ததும் இடி விழுந்தது.

“ஒரு பொண்ணைக் கட்டிக் குடுக்க இம்புட்டுப் பொய்யா மதினி? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டீகளே!”

லட்சுமிகாந்தம் மருமகளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினாள். சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் அவளே போன் செய்தாள். சொர்ணலட்சுமி பயந்துகொண்டே எடுத்தாள்.

“ரத்த ரிசல்ட் வந்திருச்சு மதினி. எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்காம். ஊசி வேண்டாமாம்.”

“ஆத்தா காப்பாத்துனா. நான் செஞ்சது தப்புதான், என்னை மன்னிச்சிருங்க மதினி.”

“அதை விடுங்க. நேத்து நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க உண்மையைச் சொல்லிட்டீக, நான் சொல்லலையேன்னு எனக்குச் சோறு இறங்கல.”

பிறகு லட்சுமிகாந்தத்தின் குரல் ரகசியமாக வந்தது.

“எம் மகன் இஞ்சினியரிங் முடிச்சவன்னு சொல்லித்தான பொண்ணு கேட்டோம்... இன்னும் மூணு பேப்பர் பாக்கி நிக்குது மதினி. பிள்ளை பிறக்கிறதுக்குள்ள பாஸாயிரணும்னு இருக்கன்குடி மாரியாத்தாகிட்ட நீங்களும் வேண்டிக்கிடுங்க.”